பழைய டியூபாவை வீட்டுப் பட்டறையில் மறுகட்டமைத்தல்

டியூபா என்பது மேற்கத்தியப் பித்தளை ஊதுகருவிகளில் மிகத் தாழ்ந்த ஒலியைத் தருவது. தமிழ்நாட்டுத் திருமண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் உடலைச் சுற்றி மாட்டிக்கொண்டு, தலைக்கு மேல் பெரிய வட்ட வாய் தெரிய ஊதும் சூசபோன் இதன் உடன்பிறப்பு. பல பத்தாண்டுகள் பயன்பட்டுத் தேய்ந்துபோன அல்லது நசுங்கிக் கிடக்கும் பழைய டியூபாவை முழுவதும் பிரித்து, பழுது நீக்கி, வாசிப்பவரின் தேவைக்கேற்பச் சில பகுதிகளை மாற்றி மீண்டும் பூட்டுவது மறுகட்டமைப்பு எனப்படுகிறது. அமெரிக்காவில் இவ்வேலை தொழில்முறைப் பட்டறைகளில் மட்டுமன்றி வீட்டுக் கார் கொட்டகைகளிலும் நடக்கிறது. பித்தளை வேலை தெரிந்திருந்தால் மட்டும் இதில் இறங்கிவிட முடியாது. பழைய கருவியின் எந்தப் பகுதியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தீர்மானிப்பதே இதில் கடினமான பகுதி.

பின்னணி

1835 செப்டம்பரில் பெர்லினில் இராணுவ இசைக்குழுத் தலைவர் வில்லெல்ம் வீப்ரெக்ட்டும் கருவி செய்பவரான யோகான் கோட்ஃபிரீட் மோரிட்ஸும் ஐந்து வால்வுகள் கொண்ட பாஸ் டியூபாவுக்குப் பிரஷ்ய அரசின் காப்புரிமை பெற்றனர். அது எஃப் சுருதியில் அமைந்தது. பின்னர் வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு சுருதிகளை விரும்பின. எஃப் டியூபாவின் குழாய் நீளம் சுமார் 3.7 மீட்டர், ஈ-பிளாட் சுமார் 4 மீட்டர், சிசி சுமார் 4.9 மீட்டர், பிபி-பிளாட் சுமார் 5.5 மீட்டர். குழாய் நீள நீளச் சுருதி தாழும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் சிற்றூர்களிலும் ஆலைகளிலும் பள்ளிகளிலும் ஊதுகருவிக் குழுக்கள் பெருகின. அவற்றுக்காக இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட்டில் கான் நிறுவனமும், மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராபிட்ஸில் யார்க் நிறுவனமும், ஒஹாயோவின் கிளீவ்லாந்தில் கிங் என்ற பெயரில் ஒயிட் நிறுவனமும் டியூபாக்களைச் செய்து குவித்தன. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் இத்தகைய உற்பத்தி நிறுத்தப்பட்டது; தொழிற்சாலைகள் போர்த் தளவாடங்களுக்குத் திரும்பின. போருக்குப் பின் சில மீண்டன, சில கைமாறின, சிலவற்றின் பெயர் மட்டும் மிஞ்சியது. இன்று மறுகட்டமைப்புக்கு வரும் கருவிகளில் மதிப்புமிக்கவை பலவும் போருக்கு முன் செய்யப்பட்டவை.

யார்க் கருவிகளுக்குத் தனிப் புகழ் உண்டாக ஒருவர் காரணம். 1930களில் பிலடெல்பியா இசைக்குழுவுக்காக யார்க் நிறுவனம் செய்த பெரிய சிசி டியூபா, அப்போது மாணவராக இருந்த ஆர்னால்டு ஜேக்கப்ஸின் கைக்கு வந்தது. அவர் 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் டியூபா வாசித்தார். அவருடைய ஒலியைக் கேட்டவர்கள் அந்த வடிவத்தைத் தேடத் தொடங்கினர். சுவிட்சர்லாந்தின் ஹிர்ஸ்புருன்னர் நிறுவனமும் ஜப்பானின் யமாஹா நிறுவனமும் அக்கருவியை அளந்து அதே வடிவில் புதியவற்றைச் செய்தன. அவற்றை விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் வேறு வழி கண்டனர். பள்ளிக் கிடங்குகளில் கிடந்த பழைய பிபி-பிளாட் டியூபாக்களை வாங்கி, வெட்டிச் சிசி ஆக்கினர்.

கூம்பும் உருளையும்

டியூபாவின் குழாயை நீட்டி நிமிர்த்திப் பார்ப்பதாகக் கற்பனை செய்தால் அது ஒரு மிக நீண்ட கூம்பு. ஊதுவாய்ப் பக்கம் விரல் நுழையாத அளவில் தொடங்கி, நாகசுரத்தின் அணசு போல மறுமுனையில் 50 செ.மீ. வரை விரிகிறது. (தமிழில் இப்பகுதிக்கு வேறு பெயர் நிலைபெறாததால் இக்கட்டுரையிலும் அணசு என்றே குறிக்கப்படுகிறது.) நடுவே ஓரிடத்தில் மட்டும் கூம்பு தடைபடுகிறது. வால்வுகள் இருக்குமிடத்தில் குழாய் ஒரே விட்டமுள்ள உருளையாக ஓடி, பின் மீண்டும் விரியத் தொடங்குகிறது.

கருவியின் குரல் கூம்பில் இருக்கிறது. எந்த இடத்தில் எவ்வளவு வேகமாகக் குழாய் விரிகிறது என்பதைப் பொறுத்தே ஒலியின் தன்மையும், மேற்சுரங்கள் ஒன்றோடொன்று சுருதி சேர்வதும் அமைகின்றன. அந்தக் கூம்பின் ஒவ்வொரு வளைவும் எஃகு அச்சுத்தண்டின் மேல் இழுத்து உருவாக்கப்பட்டது. பழைய நிறுவனங்களோடு அந்த அச்சுகளில் பெரும்பாலானவையும் போய்விட்டன; ஆகவே கெட்டுப்போன ஒரு பெரிய வளைவுக்கு மாற்று வாங்கக் கடை இல்லை. வால்வுப் பகுதி அப்படியன்று. அது உராய்ந்து தேய்வதற்கென்றே உள்ள இயந்திரப் பகுதி. அதே துளை அளவுள்ள வேறு வால்வுத் தொகுதி கிடைத்தால் மாற்றிவிடலாம். எனவே அனுபவமுள்ளவர்கள் கூம்பைக் காப்பாற்ற எவ்வளவு பாடும் படுவார்கள், உருளையை மாற்றத் தயங்கமாட்டார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் தொடங்கிய வேலைகளில் நல்ல உடல் கெட்டு, பழைய வால்வுகள் மிஞ்சிய கதை உண்டு.

பிரித்தல்

முதலில் பல கோணங்களில் ஒளிப்படம் எடுத்து, தாங்கு கம்பிகள் இருக்குமிடங்களைத் தாளில் வரைந்துகொள்வார்கள். ஒரு பெரிய டியூபா பத்துக் கிலோ அளவு எடை கொண்டது. அதன் சுருள்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துபவை இத்தாங்கிகளே. பிரித்த பின் எது எங்கே இருந்தது என்பது நினைவில் நிற்காது.

குழாய் இணைப்புகளும் தாங்கிகளும் ஈயப் பற்றாசால் ஒட்டப்பட்டவை. வெள்ளீயமும் காரீயமும் கலந்த இப்பற்றாசு 183 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். பித்தளை உருக 900 பாகைக்கு மேல் வேண்டும். இடைவெளி பெரிது என்பதால் கேஸ் சுடரை அலைத்து அலைத்துக் காட்டி இணைப்பை விடுவிக்க முடிகிறது. அணசின் நீளவாட்டில் ஓடும் தையல் போன்ற இணைப்பு மிக உயர்ந்த வெப்பத்தில் செய்யப்பட்டதால், இந்தச் சூட்டில் அது அசையாது. பழைய பற்றாசில் காரீயம் இருப்பதால் கையுறையும் காற்றோட்டமும் தேவை. வெள்ளிப் பற்றாசு கொண்டு முன்பு பழுதுபார்க்கப்பட்ட இடமானால் கூடுதல் கவனம் வேண்டும். பழைய வெள்ளிப் பற்றாசுகள் சிலவற்றில் காட்மியம் உண்டு. அதன் புகை நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு.

உள்ளே படிந்த சுண்ணாம்பும் களிம்பும் மென்மையான அமிலத்தில் கரையும். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் துலக்குவதும் அமிலத்தின் வேலைதான். பட்டறைகளில் சிட்ரிக் அமிலக் கரைசல் தொட்டி இருக்கும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களைத் தவிர்ப்பார்கள். அதற்குப் பின்னால் இந்தியாவில் நடந்த ஒரு பழைய செய்தி இருக்கிறது. ஆங்கிலேயர் காலப் படையில் குதிரை லாயங்களுக்கு அருகே வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிய இழுவிசையோடு சேர்ந்து உலோகத்தைப் பிளந்தது எனப் பின்னர் கண்டறிந்தனர். பருவகாலத்தை ஒட்டி வந்ததால் இதைப் 'பருவ வெடிப்பு' என்றார்கள். வளைத்து, தட்டி, அழுத்தி உருவாக்கிய டியூபாக் குழாயிலும் அத்தகைய இழுவிசை உண்டு.

தூய்மை செய்த பின்னரே உண்மையான நிலை தெரியும். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஈரமும் எச்சிலும் பல ஆண்டுகள் பட்ட இடத்தில் துத்தநாகம் அரித்து வெளியேறி, இளஞ்சிவப்புப் புள்ளிகளாகச் செம்பு மட்டும் எஞ்சும். ஊதுவாயை அடுத்த முதல் குழாயில் இது அதிகம். அக்குழாயைப் புதிதாக மாற்றிவிடுவது எளிது. பெரிய வளைவில் கண்டால் மேலே பித்தளைத் தகடு வைத்து ஒட்டுப்போடுவார்கள்.

ஒடுக்கு எடுத்தல்

அண்டா, குடங்களுக்கு ஒடுக்கு எடுப்பவர் பாத்திரத்துக்குள் கையை விட்டுத் தாங்கிப் பிடித்து வெளியே தட்டுவார். டியூபாவின் வளைவுக்குள் கை போகாது. அதற்காக வெவ்வேறு அளவு எஃகுக் குண்டுகளை நீண்ட வளைந்த கம்பியின் முனையில் மாட்டி உள்ளே செலுத்தி, வெளியிலிருந்து கொட்டாப்புளியாலோ உருளையாலோ அழுத்துவார்கள். கம்பி எட்டாத இடத்துக்கு வலிமையான காந்தம் வந்துவிட்டது. எஃகுக் குண்டு குழாய்க்குள் இருக்க, வெளியே காந்தத்தை வைத்து இழுத்தால் குண்டு உட்புறமாக உருண்டு ஒடுக்கை மேலே தள்ளும். வீட்டுப் பட்டறைக்காரர்களுக்கு இது பெரிய வரம்.

பித்தளைக்கு ஒரு குணம் உண்டு. தட்டத் தட்ட விறைக்கும். மேலும் தட்டினால் வெடிக்கும். சுடரால் மங்கிய சிவப்பாகக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் இளகும். ஆனால் அணசு முழுவதையும் காய்ச்சிவிட்டால் அதன் விறைப்பு போய், தூக்கி வைக்கும்போதே நெளியும். தேவையான இடத்தில் மட்டும், தேவையான அளவே காய்ச்ச வேண்டும். ஒடுக்கு எல்லாவற்றையும் எடுத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. அணசின் அகன்ற பகுதியில் உள்ள மேலோட்டமான நெளிவு ஒலியை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. குறுகிய குழாயில் உள்ள சிறு ஒடுக்கு பாதிக்கும். பார்வைக்கு அழகாக்கும் ஆசையில் அணசைத் தேய்த்துத் தேய்த்து மெலிய வைப்பது வீண் வேலை.

வால்வுகள்

பிஸ்டன் வால்வில் உலோகத் தண்டு ஒன்று அதன் உறைக்குள் மேலும் கீழும் ஓடுகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவாக இருக்கவேண்டும். தேய்ந்து அகன்றால் காற்று கசியும். எவ்வளவு ஊதினாலும் ஒலி தெளியாது. சோதனை எளிது. வால்வை அழுத்தாமல் அதன் சறுக்குக் குழாயைச் சற்று வெளியே இழுத்து, சில நொடிகள் காத்திருந்து, பின் அழுத்த வேண்டும். 'டப்' என்று ஒலி வந்தால் கசிவு இல்லை. ஒலி வராவிட்டால் காற்று ஏற்கெனவே எங்கோ நுழைந்துவிட்டது.

தேய்ந்த பிஸ்டனுக்கு முலாம் பூசித் தடிப்பேற்றி, உறையைச் சமன் செய்து, இரண்டையும் ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்த வேண்டும். முலாம் பூசும் வேதிப்பொருள்களும் துல்லியக் கருவிகளும் வீட்டுக்கு ஏற்றவை அல்ல என்பதால் இதை மட்டும் வெளிப் பட்டறைக்கு அனுப்புவது வழக்கம். வால்வின் கம்பளித் துண்டுகளையும் தக்கைகளையும் மாற்றுவது மிகச் சிறிய செலவு. பழையவை நைந்துபோனால் பிஸ்டனின் துளை உறையின் துளைக்கு நேராக நிற்காது. பெரிய கோளாறு என்று நினைத்த பல கருவிகள் இதனாலேயே குணமானதுண்டு.

சுருதி மாற்றம்

பிபி-பிளாட் டியூபாவைச் சிசி ஆக்குவது இத்துறையின் பெரிய வேலை. சிசி இரண்டு அரைச்சுரம் மேலே இருக்கிறது. ஓர் அரைச்சுரத்துக்குக் குழாய் நீளம் ஏறத்தாழ 1.0595 மடங்கு மாறும். இரண்டு அரைச்சுரத்துக்கு 1.0595-ஐ 1.0595-ஆல் பெருக்க 1.1225. 549 செ.மீ. குழாயை 1.1225-ஆல் வகுத்தால் 489 செ.மீ. ஆகவே சுமார் 60 செ.மீ. வெட்டப்பட வேண்டும்.

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு வால்வும் தனக்குரிய கூடுதல் குழாயைச் சேர்த்துச் சுருதியைத் தாழ்த்துகிறது. முதல் வால்வு 2 அரைச்சுரம், இரண்டாவது 1, மூன்றாவது 3, நான்காவது 5. உடல் குறுகினால் இவையும் அதே விகிதத்தில் குறுக வேண்டும். பிபி-பிளாட்டில் முதல் வால்வின் குழாய் சுமார் 67 செ.மீ.; சிசியில் 60. இரண்டாவது 33-லிருந்து 29 ஆகும், மூன்றாவது 104-லிருந்து 92 அல்லது 93 ஆகும், நான்காவது 184-லிருந்து 164 ஆகும். எல்லாம் சேர்த்து ஒரு மீட்டருக்கு மேல் பித்தளை கழிகிறது. இரண்டாம் வால்வின் வளையம் மிகக் குட்டையானது. இரு கால்களிலும் பாதிப் பாதியாகக் குறைக்க நேர்க்குழாய் போதாமல் வளைவையே மாற்ற வேண்டி வருவதும் உண்டு.

60 செ.மீ.-ஐ எங்கே வெட்டுவது என்பதில்தான் கருவியின் தலைவிதி இருக்கிறது. அகன்ற வளைவுகளில் வெட்டினால், வெட்டின் இரு பக்கமும் விட்டம் பொருந்தாது. கூம்பில் ஒரு படி உண்டாகும். உயிருள்ள ஒலியும் மேற்சுரங்களின் ஒழுங்கும் அந்தப் படியில் இடறும். எனவே கூடியவரை ஊதுவாயை அடுத்த குழாய், முதன்மைச் சுருதிச் சறுக்குக் குழாய் ஆகிய குறுகிய பகுதிகளிலேயே நீளத்தைக் குறைக்கிறார்கள். அங்கே போதிய நீளம் கிடைக்காதபோது அடுத்த வளைவுகளின் முனைகளில் சிறிது சிறிதாக எடுத்து, குழாயை அச்சுத்தண்டில் விரித்தோ சுருக்கியோ பொருத்துகிறார்கள். குழாயை வளைக்க வேண்டியிருந்தால் அது நசுங்காமல் இருக்க உள்ளே பிசினை உருக்கி ஊற்றி, இறுகிய பின் வளைத்து, மீண்டும் உருக்கி வடிப்பார்கள். பொற்கொல்லர் உள்ளீடற்ற நகைக்குள் அரக்கு நிரப்புவதும் இதே காரணத்துக்காகத்தான்.

எவ்வளவு கவனமாக வெட்டினாலும் கூம்பின் விகிதம் மாறிவிடுகிறது. அதனால் வெட்டிய டியூபாக்களில் ஓரிரு சுரங்கள் அடம் பிடிப்பது பொதுவானது. அவற்றை வாசிப்பவர் உதட்டாலோ, இடக்கையால் சறுக்குக் குழாயை நகர்த்தியோ சரிசெய்துகொள்ள வேண்டும்.

எதிர்த்திசையில், குழாயை நீட்டும் வேலையும் உண்டு. பிரித்தானியப் பித்தளைக் குழுக்கள் 1960களின் நடுப்பகுதி வரை இன்றைய அளவைவிட உயர்ந்த சுருதியில் வாசித்தன. இன்று 440 அதிர்வெண்ணாக உள்ள 'ஏ' சுரம் அவர்களுக்கு 452.5 அளவில் இருந்தது. அக்காலத்து ஈ-பிளாட் டியூபாவை இன்றைய குழுவில் வாசிக்க, குழாயில் ஏறத்தாழ 11 செ.மீ. சேர்க்க வேண்டும். நீட்டிய குழாயைப் பின்னாளில் எடுத்துவிட முடியும். வெட்டியதைத் திரும்ப வளர்க்க முடியாது.

மற்ற மாற்றங்கள்

மூன்று வால்வு மட்டும் உள்ள பழைய கருவிகளில் நான்காவதைச் சேர்ப்பது பரவலானது. முதல், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தினால் 5 அரைச்சுரம் தாழ வேண்டும். குழாய் 100 அலகு என்றால் அவை இரண்டும் சேர்ந்து தருவது 31.2 அலகு, தேவையோ 33.5. பிபி-பிளாட்டில் இந்தக் குறை 12 செ.மீ.-க்கு மேல். அதனால் ஒலி சுருதிக்கு மேலே நிற்கும். நான்காம் வால்வு சரியான நீளத்தைத் தானே தந்துவிடுகிறது. இதே குறையை நீக்கத்தான் இங்கிலாந்தில் டேவிட் பிளேய்க்லி 1874இல் ஈடுசெய் வால்வு முறையைக் கொண்டுவந்தார். அம்முறையில் குழாய்கள் இரட்டையாகப் பின்னிக்கிடப்பதால் அவ்வகை டியூபாவை வெட்ட முயல்பவர் குறைவு.

மேலிருந்து அழுத்தும் வால்வுகளை எடுத்துவிட்டு, முன்னிருந்து அழுத்தும் தொகுதியைப் பொருத்துவது வாசிப்பவரின் கைக்கும் முதுகுக்கும் நிம்மதி தரும். ஒரு நிறுவனத்தின் உடல், இன்னொன்றின் வால்வு, மூன்றாவதன் அணசு எனக் கூட்டிச் செய்தவற்றைப் பிராங்கன்ஸ்டைன் கதையை நினைத்து 'பிராங்கன்டியூபா' என்று கேலியாக அழைப்பார்கள். அவற்றில் சில மிக நன்றாக ஒலிக்கின்றன.

வெட்டலாமா?

இங்கே இருவேறு கருத்துகள் உண்டு. அருங்காட்சியகப் பாதுகாவலருக்குப் பழைய பற்றாசுத் தடமும், செதுக்கு வேலையும், வெள்ளி முலாமும் வரலாற்றுச் சான்று. தெற்கு டகோட்டாவின் வெர்மிலியனில் உள்ள தேசிய இசை அருங்காட்சியகம் போன்ற இடங்களில் கருவியைப் புதிது போல் ஆக்குவதைவிட, இருக்கும் நிலையில் சிதையாமல் காப்பதே நோக்கம். வாசிப்பவருக்கோ ஒலிக்காத டியூபா வெறும் பித்தளைச் சுமை.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தாலும் எல்லாக் கருவிகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. வால்வு தொலைந்து, வளைவு நசுங்கி, உடைசலுக்குப் போகவிருந்த பிபி-பிளாட்டை வெட்டி ஓர் இசைக்குழுவில் அமர்த்துவது அதற்கு மறுவாழ்வு. எல்லாப் பகுதிகளும் முழுமையாக, முதல் முலாமோடு இருக்கும் கருவியை நாகரிகத்துக்காக வெட்டுவது இழப்பு. இனி அது வேறெங்கும் செய்யப்படப் போவதில்லை. மெருகுச் சக்கரமும் இதே வகை ஆபத்துதான். சில நிமிடங்களில் செதுக்கு வேலையை மழுங்கடித்து முலாமைத் தின்றுவிடும். வெள்ளி முலாமுக்குரிய சயனைடு கரைசலை வீட்டில் வைத்திருக்கவும் முடியாது. வெட்டுவதற்கு முன் தொடர் எண்ணைக் குறித்து, ஒவ்வொரு வளைவின் நீளத்தையும் இரு முனை விட்டங்களையும் அளந்து எழுதிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அச்சுகள் மறைந்த பின் அந்தக் கூம்பின் வடிவத்துக்கு மிஞ்சும் பதிவு அதுவே.

மீண்டும் பூட்டுதல்

பூட்டும்போது எந்தக் குழாயையும் இழுத்துப் பிடித்துப் பற்றவைக்கக் கூடாது. தானாக வந்து பொருந்தும்வரை வளைவைத் திருத்திய பிறகே சுடரைக் காட்டவேண்டும். வலிந்து பொருத்திய இணைப்பில் தங்கும் இழுவிசை பின்னாளில் பற்றாசை விடுவிக்கும், வால்வு உறையை ஒரு மயிரிழை கோணலாக்கிப் பிஸ்டனைச் சிக்கவும் வைக்கும். முதலில் வால்வுத் தொகுதியை உடலில் நிலைநிறுத்தி, பிஸ்டன்கள் தடையின்றி ஓடுகின்றனவா என்று ஒவ்வொரு தாங்கியை ஒட்டிய பின்பும் பார்ப்பார்கள். பிறகு குழாயின் ஒரு முனையை அடைத்து மறுமுனையில் ஊதி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழி எழும்.

சறுக்குக் குழாய்களைக் கணக்கில் வந்த அளவுக்கு உடனே வெட்டுவதில்லை, ஒன்றிரண்டு செ.மீ. கூடுதலாகவே விட்டுவைக்கிறார்கள். கருவி குளிர்ந்திருக்கும்போது ஒரு சுருதி, ஊதி ஊதிச் சூடேறிய பின் ஒரு சுருதி. வாசிப்பவரின் உதடும் ஊதுவாயும் மாறினால் இன்னொன்று. சில வாரங்கள் குழுவோடு வாசித்த பிறகு ஒவ்வொரு சறுக்குக் குழாயும் வழக்கமாக எங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, மிஞ்சியதை மெல்லிய இரம்பத்தால் அறுத்து, முனையை அரத்தால் தேய்த்து விடுகிறார்கள்.